இரு விளக்குகளுக்கு நடுவே

கரையில் நின்று காண்போர்க்குக் கடல் வேலியற்ற வெளியாகத் தோன்றும். அங்கே சாலை இல்லை, சந்தி இல்லை, நில் என்று தடுக்கும் காவலர் இல்லை. பாய் விரித்த படகொன்று அதில் தனியே போகக் கண்டால், ‘எத்துணை விடுதலை!’ என்று நெஞ்சம் ஏங்கும். ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், மாணவர்க்குக் கட்டுரை எழுதிக் காட்டும்போது ‘கட்டற்ற கடல்’ என்னும் தொடரை நானும் கூசாமல் பயன்படுத்தியிருக்கிறேன். அக்கடலில் எத்தனை கட்டுகள் உள்ளன என்பதை ஒரு நள்ளிரவில் கண்ட பிறகு அத்தொடரை எழுதக் கை வருவதில்லை.

என்னிடம் தொடக்கப்பள்ளியில் தமிழ் படித்த மாணவர் ஒருவர் பின்னாளில் கப்பற் பொறியாளரானார். பல ஆண்டுகள் பெருங்கப்பல்களில் உழைத்துவிட்டுத் தாயகம் திரும்பியவர், 32 அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கிக் கிள்ளான் துறைமுகப் பகுதியில் கட்டி வைத்தார். நானும் அப்போது ஓய்வு பெற்றிருந்தேன். “ஐயா, வீட்டில் அமர்ந்து நாளிதழை எத்தனை முறைதான் படிப்பீர்கள்? என்னோடு வாருங்கள்” என்று அழைத்தார். போனேன். அவரை இங்கே நண்பர் என்றே குறிப்பிடுகிறேன். கடலில் அவர் ஆசிரியர், நான் மாணவன். அதுவும் மந்தமான மாணவன்.

படகில் நான் முதலில் அஞ்சியது புயலையும் பெருங்கப்பல்களையுந்தான். நண்பரோ அவற்றைப் பற்றி அதிகம் பேசவில்லை. “புயலுக்கு முன்னறிவிப்பு உண்டு ஐயா. கப்பலுக்கு விளக்கு உண்டு. நம் கரையோரத்தில் நாள்தோறும் அஞ்ச வேண்டியது வலைக்கயிறு ஒன்றுக்குத்தான்” என்றார். அப்போது அதனை மிகைக் கூற்றென்றே கருதினேன்.

இதன் காரணத்தை நம் கடலின் அமைப்பைக் கொண்டுதான் விளக்க வேண்டும். மலாக்கா நீரிணை உலகில் மிகுந்த போக்குவரத்துள்ள கடல்வழிகளுள் ஒன்று. பெருங்கப்பல்கள் அதன் நடுப்பகுதியில் ஓயாமல் செல்கின்றன. கிள்ளானுக்கு மேற்கேயுள்ள ஒன் ஃபேதம் பேங்க் என்னும் ஆழமற்ற திட்டிலிருந்து சிங்கப்பூர் வரை, போகும் கப்பலுக்கு ஒரு தடமும் வரும் கப்பலுக்கு ஒரு தடமுமாக வழி வகுக்கப்பட்டிருக்கிறது. சிறு படகுகள் அங்கே சென்று பெருங்கப்பல்களுக்கு இடையூறாக இருத்தல் ஆகாது. மறுபக்கம், கரையை ஒட்டி நெடுந்தொலைவு சேற்றுநிலம். வற்றத்தின்போது அதில் கொக்கு நடக்கும். ஆகவே கப்பலுக்கும் சேற்றுக்கும் இடைப்பட்ட சில கடல் மைல் அகலமுள்ள நீர்ப்பட்டையே பாய்மரப் படகுக்கு உரியது. சிறு மீனவர்க்கு உரியதும் அதே பட்டைதான். நாம் இன்பத்திற்காகச் செல்லும் வழியும் அவர் வயிற்றுக்காக வலை விரிக்கும் வயலும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

அவ்வயலில் என்னென்ன நட்டிருக்கிறார்கள் என்று அறிவதே முதற்பாடம். ஆற்று முகங்களிலும் கெத்தாம் தீவை ஒட்டிய கால்வாய்களிலும் மரக்கம்புகளை வரிசையாக ஊன்றி, ஓதத்தை எதிர்நோக்கிப் பைபோன்ற வலைகளைக் கட்டியிருப்பார்கள். பகலில் இவற்றால் தொல்லையில்லை. கம்புகளில் நீர்க்காகம் அமர்ந்திருக்கும். இரவில், அதுவும் நீர் பெருகிக் கம்பின் நுனி மட்டும் எஞ்சியிருக்கும்போது, படகின் வயிற்றைக் கிழிக்க ஒரு கம்பு போதும். கைவிடப்பட்ட வரிசைகளில் நீர்மட்டத்தோடு முறிந்த கம்புகளும் உண்டு. அவற்றுக்குக் காகமும் காவலில்லை. இதனால் ஆற்று முகங்களைப் பகலிலேயே கடந்துவிட வேண்டும் என்பது நண்பர் தமக்கு விதித்துக்கொண்ட சட்டம்.

அடுத்தது பூபு. மீன் உள்ளே போகலாம், வெளியே வர இயலாது என்ற வகையில் பின்னிய கூண்டு அது. கடலின் அடியில் கிடக்கும். அதிலிருந்து ஒரு கயிறு மேலெழுந்து மிதவையில் முடியும். மிதவை என்றால் கண்ணைக் கவரும் செந்நிற உருண்டை என்று எண்ணிவிட வேண்டா. சமையல் எண்ணெய் வந்த நெகிழிக் குடுவை, பொலிஸ்டிரின் பெட்டியின் உடைந்த மூலை, கறுத்த மூங்கில் துண்டு ஆகியவையே பெரும்பாலும் மிதவைகள். அலைகளுக்கிடையே அது ஒரு நொடி தெரியும். மூன்று நொடி மறையும். ரேடாரிலும் அகப்படாது. பார்ப்பதற்கென்றே ஒருவர் அணியத்தில் நின்றாலன்றி, படகு அதன்மேல் ஏறிய பின்தான் அதனைக் காண்போம்.

(அணியம் என்றது படகின் முன்புறத்தை; பின்புறத்திற்கு அமரம் என்று பெயர். தமிழகக் கடற்கரை மீனவர் வாழ்வில் வழங்கும் சொற்கள் இவை. வகுப்பறையில் நான் ஒருநாளும் கற்பிக்காத இச்சொற்களை என் மாணவரிடமிருந்தே கற்றேன்.)

மிதவையை எப்பக்கமாகக் கடப்பது என்பதிலும் ஓர் இலக்கணம் உண்டு. மிதவை நீரோட்டத்தால் இழுக்கப்பட்டு நிற்கும். எனவே கயிறு அதன் நேர்கீழே இறங்குவதில்லை. நீர் எத்திசையிலிருந்து வருகிறதோ அத்திசை நோக்கிச் சாய்ந்து அடியிலுள்ள கூண்டை அடையும். ஆதலால் நீர் வரும் பக்கமாகச் சென்றால் கயிற்றின்மேல் செல்கிறோம். நீர் போகும் பக்கமாகச் சென்றால் பெரும்பாலும் தப்புகிறோம். பெரும்பாலும் என்றதற்குக் காரணம் உண்டு. சிலர் தூக்கி எடுக்க வசதியாகப் பெரிய மிதவையோடு சிறிய மிதவையையும் நீண்ட கயிற்றால் பிணைத்திருப்பார்கள். அச்சிறிய மிதவை நீர் போகும் பக்கத்தில் வால்போல் நீண்டு கிடக்கும். வாலையும் பார்த்து, அதற்கும் அப்பால் விலக வேண்டும். இரண்டு மிதவைகளுக்கு நடுவே மட்டும் செல்லலாகாது. ஓதம் திரும்பி நீர் அசையாது நிற்கும் வேளையில் இவ்விலக்கணமும் பயன்படாது. தளர்ந்த கயிறு எப்பக்கமும் சுருண்டு மேலேயே மிதக்கும். விதி உண்டெனில் விதிவிலக்கும் உண்டென்பதை நம்மினும் நன்கறிந்தவர் யார்?

கயிறு பகையாவது ஏன்? பாய்மரப் படகின் அடியில் ஏரா என்னும் கனத்த கட்டை துடுப்புபோல் கீழிறங்கி நிற்கிறது. அதன் பின்னே சுக்கான். இரண்டுக்கும் நடுவே, காற்றில்லாத வேளைக்கென வைத்துள்ள டீசல் இயந்திரத்தின் புரொப்பெல்லர் சுழல்கிறது. பழைய படகுகள் சிலவற்றில் ஏரா நீண்டு சுக்கானோடு ஒன்றிக் கிடக்கும். கயிறு அதனை வழுக்கிக்கொண்டு கடந்துவிடும். நண்பரின் படகு அவ்வகையன்று. அதில் கயிறு புகுந்து தங்க மூன்று இடங்கள் உள்ளன. பாயின் ஆற்றலால் மட்டும் செல்கையில் கயிறு சிக்கினால் படகு நின்றுவிடும்; அவ்வளவே. இயந்திரம் ஓடுகையில் சிக்கினாலோ புரொப்பெல்லர் அதனை நூற்கண்டுபோல் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொள்ளும். நைலான் கயிறு சூட்டில் உருகித் தண்டோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஆகவே ஐயமுள்ள எதனையும் கண்டவுடன் செய்ய வேண்டியது ஒன்றே: இயந்திரத்தைப் புரொப்பெல்லரிலிருந்து விடுவித்து நியூட்ரலில் போட்டு, படகு தன் வேகத்தாலேயே மிதந்து கடக்கவிடுதல். “எண்ணிப் பார்க்காதீர்கள் ஐயா. முதலில் நியூட்ரல், பிறகு எண்ணம்” என்பார் நண்பர். எண்ணிய பிறகே எழுத வேண்டும் என்று முப்பது ஆண்டுகள் கற்பித்தவனுக்கு இது எளிதில் படியவில்லை.

வலைகளிலேயே அகன்று கிடப்பது மிதக்கும் வலை. மலாயில் புக்காட் ஹன்யுட் என்பார்கள். துண்டு துண்டாக இணைத்து நெடுந்தொலைவு நீட்டி, ஒரு நுனியைச் சம்பானில் கட்டிக்கொண்டு, நீரோட்டத்தோடு வலையும் சம்பானும் சேர்ந்தே மிதந்து செல்லும். மறுநுனியில் பகலில் ஒரு கழியும் கொடியும். இரவில் கடையில் விற்கும் சிறு மின்கல விளக்கு. சிவப்போ, பச்சையோ, நீலமோ, அது மினுக் மினுக்கென்று ஒளிரும். இடையிலும் சில விளக்குகளைக் கட்டுவார்கள். எல்லாரும் ஒரே நிறத்தில் கட்டுவதில்லை. கையில் கிடைத்தது எதுவோ அதுவே நிறம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1972-இல் இயற்றப்பட்டு 1977-இல் நடைமுறைக்கு வந்த அனைத்துலகக் கடல் மோதல் தடுப்பு விதிகள், மீன்பிடிக்கும் கலம் காட்ட வேண்டிய விளக்குகளை வகுத்துள்ளன. வலையை இழுத்துச் செல்லும் இழுவைப் படகாயின் பச்சையும் அதன்கீழ் வெள்ளையும். பிறவகைக் கருவியாயின் சிவப்பும் அதன்கீழ் வெள்ளையும். கருவி படகிலிருந்து 150 மீட்டருக்கு மேல் நீண்டிருந்தால், அது கிடக்கும் திசையில் மற்றொரு வெள்ளை விளக்கும் வேண்டும். பாயால் செல்லும் கலம் மீன்பிடிக்கும் கலத்திற்கு வழிவிட்டு விலக வேண்டும் என்பதும் அவ்விதிகளுள் ஒன்று. பாய்மரப் படகுக்கே எவரும் வழிவிட வேண்டும் என்று கருதுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். நான் இவ்விளக்குகளை மனப்பாடம் செய்ய, ‘சிவப்பு மேலே விரித்த வலை, பச்சை மேலே இழுத்த வலை’ என்று ஓர் அடி கட்டிக்கொண்டேன். யாப்பு நோக்கினால் அது தேறாது. ஆயினும் பயன்பட்டது.

இழுவைப் படகைப் பொறுத்தவரை பச்சை விளக்கைக் கண்டதும் அதன் அமரத்திற்குப் பின்னால் நெடுந்தொலைவு வலை வருகிறது என்று கொண்டு, நன்கு தள்ளிச் சுற்றிப் போக வேண்டும். இரண்டு படகுகள் ஒரே வேகத்தில் இணையாகச் செல்லக் கண்டால் இரண்டும் சேர்ந்து ஒரே வலையை இழுக்கின்றன என்று ஐயுறுதல் நன்று. அவற்றின் நடுவே புகுவது அறியாமை. இவையெல்லாம் பெரிய படகுகளுக்குப் பொருந்தும். சம்பானில் இருக்கும் முதியவரிடம் பச்சையுமில்லை, சிவப்புமில்லை. அவரிடம் உள்ளது ஒரு கைவிளக்கு. நாம் நெருங்குவதைக் கண்டால் அதனை நம் முகத்திற்கு நேரே அடிப்பார். பிறகு வலை கிடக்கும் பக்கமாக ஆட்டுவார். முன்பெல்லாம் இதனைச் சினம் என்று எண்ணினேன். அது வழிகாட்டுதல் என்பது பின்னரே விளங்கியது.

இனி அந்த இரவுக்கு வருகிறேன்.

2017 பிப்ரவரி 25, சனிக்கிழமை. மறுநாள் அமாவாசை. நீர் வற்றத் தொடங்கும் வேளை பார்த்து மாலையில் கிள்ளானைவிட்டுப் புறப்பட்டோம். பங்கோர் ஏறக்குறைய 90 கடல் மைல். மணிக்கு ஐந்து கடல் மைல் வேகத்தில் சென்றால் மறுநாள் முற்பகலில் சேர்ந்துவிடலாம். முன்னிரவில் கோலசிலாங்கூரின் மலாவத்திக் குன்றிலிருந்து கலங்கரை விளக்கம் முறை தவறாது ஒளி வீசிற்று. பிறகு காற்று தளர்ந்தது. பாயைச் சுருட்டாமலே இயந்திரத்தை முடுக்கினோம். நள்ளிரவு கடந்ததும் நண்பர் என்னிடம் சுக்கானை ஒப்படைத்துவிட்டுப் படுக்கச் சென்றார். “எது கண்டாலும் எழுப்புங்கள், ஐயா” என்று சொல்லித்தான் போனார்.

ஏறக்குறைய இரண்டு மணி இருக்கும். சுங்கை பெசாருக்கு நேரே, கரை விளக்குகள் மங்கலாகத் தெரியும் தொலைவில் இருந்தோம். எதிரே இடப்பக்கம் ஒரு சிவப்பு மினுக்கு. வலப்பக்கம், நன்கு தள்ளி மற்றொரு சிவப்பு மினுக்கு. நண்பரை எழுப்பியிருக்க வேண்டும். பகலெல்லாம் உழைத்தவர், சற்றே உறங்கட்டும் என்று எண்ணினேன். அவ்வளவுதான் காரணம் என்று இந்தக் கட்டுரையில் எழுதிவிடலாம். உண்மை அதுவன்று. ‘இதனை நானே செய்துவிடுவேன்’ என்னும் முனைப்பும் உடன் இருந்தது. இரண்டு விளக்குகள் என்றால் இரண்டு பொருள்கள் என்று கணக்கிட்டேன். நடுவே அகன்ற இருட்டு. இருட்டில் ஒன்றுமில்லை என்று முடிவு செய்து, சரியாக அதன் நடுவே சுக்கானைத் திருப்பினேன். வாயிலின் இரு தூண்களுக்கு நடுவே நுழைபவனைப் போல!

மோதல் இல்லை, ஓசை இல்லை. மென்மையான கை ஒன்று படகைப் பின்னின்று பற்றியது போன்ற உணர்வு. வேகம் குறைந்தது. இயந்திரத்தின் ஒலி தாழ்ந்து முனகியது. ‘முதலில் நியூட்ரல்’ என்ற பாடம் நினைவில் இருந்தது, கைக்குத்தான் வரவில்லை. வேகம் ஏன் குறைகிறது என்று எண்ணி விசையை மேலும் தள்ளினேன். அடுத்த நொடியில் படகெல்லாம் அதிர்ந்து இயந்திரம் தானே நின்றது. நண்பர் மேலே வந்து கைவிளக்கை அமரத்தின் பக்கம் அடித்தார். வெள்ளை மிதவைகள் இரு பக்கமும் நீண்டு, எங்கள் சுக்கானில் ஒன்றுகூடி, ஆங்கில எழுத்து ‘வி’யைப் போல் வளைந்து கிடந்தன. இரண்டு விளக்குகளும் ஒரே வலையின் இரண்டு விளக்குகள்.

அவர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் எழுத்துப்பிழை செய்த பிள்ளைகளை எப்படியெல்லாம் பேசியிருக்கிறேன் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

சற்று நேரத்தில் இருளிலிருந்து சம்பான் ஒன்று வந்தது. ஏறத்தாழ அறுபது வயது மதிக்கத்தக்க மலாய் மீனவரும் பன்னிரண்டு வயதுப் பேரனும் அதில் இருந்தனர். அவர் கண்ணில் முதலில் பட்டது நண்பர் கையிலிருந்த கத்தி. “வெட்டாதே, கொஞ்சம் பொறு” என்றார் மலாயில். சத்தம் போடவில்லை. நோயாளியின் பக்கத்தில் நிற்பவர் பேசுவது போன்ற குரல்.

“பாக்சிக், மன்னியுங்கள். பிழை எங்களுடையது” என்றார் நண்பர்.

“சுக்கான் பிடித்தவர் யார்?” என்று அவர் கேட்டார். நான் கை உயர்த்தினேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று நண்பர் எதற்காகவோ சொல்லிவைத்தார். அதன் பிறகு அம்முதியவர் என்னை ‘சிக்கு’ என்றே அழைத்தார். மலாயில் ஆசிரியரை அவ்வாறே அழைப்பார்கள். தமிழில் அச்சொல்லுக்கு என்ன பொருள் என்பதை அவர் அறியார். வேறொரு வேளையாயிருந்தால் நான் நகைத்திருப்பேன்.

வலையை விடுவிக்கும் முறையை அவர்தாம் சொன்னார். இயந்திரச் சாவியை நண்பர் கழற்றித் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கீழே ஒருவர் இருக்கையில் மேலே எவரும் மறந்தும் முடுக்கிவிடக் கூடாதன்றோ? இடுப்பில் கயிறு கட்டி, நீர்க்கண்ணாடி அணிந்து, தலையில் மிதிவண்டிக் கவசத்தையும் மாட்டிக்கொண்டு அமரத்தருகே இறங்கினார். அலை சிறிதாயினும் படகின் பின்புறம் எழுந்தெழுந்து விழும். அதன்கீழ் தலை கொடுத்தவர் மயங்கிப் போகலாம். நான் உள்ளறைக்குச் சென்று, தரைப்பலகையைத் திறந்து, புரொப்பெல்லரின் தண்டைக் கையால் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். முதியவர் சம்பானிலிருந்து வலையின் முனையை இழுக்க, பையன் விளக்குப் பிடிக்க, “சுற்று”, “நிறுத்து” என்னும் கட்டளைகள் கீழிருந்து மேலும் மேலிருந்து உள்ளும் வந்தன. டீசல் நாற்றத்தில் தலை சுற்றியது. ஒரு மணிக்கும் மேலாக இவ்வாறு பாடுபட்டதில் வலையின் பெரும்பகுதி அவிழ்ந்து வந்தது. தண்டோடு இறுகிப்போன எஞ்சிய பகுதி எதற்கும் அசையவில்லை. முதியவர் அதனை விளக்கடியில் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பிறகே கத்தி வெட்டியது.

சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்தைக் கற்பிக்கும்போது, பரதவர் விரித்த வலையைக் கிழித்துக்கொண்டு போகும் சுறாவைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். அதன் ஆற்றலை வியந்து பேசுவது என் வழக்கம். வலைக்குரியவன் அன்றிரவு என்ன செய்தான் என்று நானும் கேட்டதில்லை, மாணவரும் கேட்டதில்லை. அன்றிரவு அவன் என்ன செய்தான் என்று கண்ணால் கண்டேன். சேதமான வலையை மடிமேல் போட்டு, கண்ணி கண்ணியாக விரலால் தடவி, எத்தனை துண்டு போயிற்று என்று கணக்கிட்டான். அகப்பட்ட மீன் பாதி நழுவிப் போயிருந்தது. விடியும்வரை எஞ்சிய நேரத்தில் மீண்டும் வலை விரித்துப் பயனில்லை என்று பேரனிடம் சொன்னான். நாங்கள்தாம் அந்தச் சுறா.

நண்பர் 300 வெள்ளியை நீட்டினார். அவர் எண்ணிப் பார்த்து, இரண்டு துண்டு வலைக்கும் கயிற்றுக்கும் 180 வெள்ளி ஆகும் என்று அதனை மட்டும் எடுத்துக்கொண்டார். அன்றைய மீனுக்கும் கொள்ளுங்கள் என்று வற்புறுத்தினேன். மீன் எவ்வளவு வந்திருக்கும் என்று தமக்கே தெரியாதபோது அதற்கு எப்படி விலை சொல்வது என்று கேட்டார். என்னிடம் விடையில்லை. புறப்படுமுன் எனக்கு மட்டும் ஒன்று சொன்னார்: “லம்பு டுவா, புக்காட் சத்து, சிக்கு.” விளக்கு இரண்டு, வலை ஒன்று. பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதைப் போல் விரல் நீட்டிச் சொன்னார்.

நல்ல வேளையாக, அன்று காற்றும் அலையும் இல்லை. இதுவே ஏப்ரலுக்குப் பின் விடியற்காலங்களில் சுமத்திராப் பக்கமிருந்து சீறிவரும் சூறைக்காற்றின்போது நேர்ந்திருந்தால், அவிழ்ப்பதற்கு எவரும் நீரில் இறங்கியிருக்க இயலாது. வலையில் சிக்கியவரின் நிலை எத்தகையது என்பதற்கு 2005 ஆகஸ்டில் நடந்ததைக் கூறலாம். ருசியாவின் கம்சாத்கா கடற்கரைக்கு அப்பால், ஏ.எஸ்.28 என்னும் சிறு நீர்மூழ்கி மீன்வலையிலும் கடலடிக் கம்பிவடங்களிலும் சிக்கி, ஏறத்தாழ 190 மீட்டர் ஆழத்தில் ஏழு பேருடன் மூன்று நாள் கிடந்தது. பிரிட்டனிலிருந்து வந்த ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி வலையை வெட்டிய பிறகே அவர்கள் உயிருடன் மேலே வந்தனர். பிறரைக் காப்பதற்கென்றே செய்யப்பட்ட கலம் அது.

வெட்டிய துண்டுகளை முதியவர் ஒன்றுவிடாமல் பொறுக்கித் தம் சம்பானில் போட்டுக்கொண்டார். அது சிக்கனம் மட்டுமன்று. பருத்தி வலைக் காலத்தில் நீரில் விழுந்த துண்டு மக்கிப் போகும். நைலான் மக்குவதில்லை, ஆளில்லாமலே ஆண்டுக்கணக்கில் மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கும். கப்பலிலிருந்து நெகிழியைக் கடலில் எறிவதைத் தடை செய்யும் அனைத்துலக விதி 1988 இறுதியில் நடைமுறைக்கு வந்தது. செயற்கை இழை வலைகளும் அதில் அடங்கும். மீன்பிடிக் கருவிகளுக்கு அடையாளமிடுவது பற்றி ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் மீன்வளக் குழு 2018-இல் வழிகாட்டு நெறிகளை ஏற்றுக்கொண்டது. விரும்பினால் பின்பற்றலாம் என்னும் அளவினவே அவை. நல்ல நெறிகள்தாம். ஆனால் நல்ல மிதவைக்கும் நல்ல விளக்குக்கும் அந்தச் சம்பான்காரர் தம் கைப்பணத்தையல்லவா கொடுக்க வேண்டும்? பாய்மரப் படகு வைத்திருப்போர் சிலர் கூடிப் பேசும்போது, ‘குடுவையைக் கட்டிவைத்து நம் உயிரை வாங்குகிறார்கள்’ என்று மீனவரைக் குறை கூறக் கேட்டிருக்கிறேன். அவர்கள் பேச்சில் ஓரளவு உண்மை உண்டு. நான் வாய் திறப்பதில்லை.

அன்று பாயை விரித்து, விடியலில் எழுந்த மெல்லிய காற்றில் ஊர்ந்து, பங்கோர் சேர மாலையாகிவிட்டது. படகைக் கரையேற்றிப் பார்த்தபோது தண்டில் எஞ்சியிருந்த நைலான் உருகி, கண்ணாடிபோல் கெட்டியாகி, கைமுட்டியளவு திரண்டிருந்தது. இரும்பறுக்கும் வாளால் அதனை அகற்ற அரைநாள் ஆயிற்று. விசையைத் தள்ளிய என் கையின் வேலை அது. அந்தக் கட்டியை நண்பர் குப்பையில் போடப் போனார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதன்பின் எங்கள் இருவருக்கும் ஒரு வழக்கு எழுந்தது. புரொப்பெல்லர் தண்டில் பொருத்தும் வெட்டுக்கருவி ஒன்று விற்கிறது. பற்கள் கொண்ட வளையம் அது. தண்டோடு சுழன்று, சுற்ற வரும் கயிற்றை அப்போதே நறுக்கிவிடும். அதனைப் பொருத்த வேண்டும் என்றார் நண்பர். வேண்டா என்றேன் நான்.

“அப்படியானால் அன்று அவர் மடியில் வைத்துத் தடவிப் பார்க்கக்கூட ஒன்றும் இருந்திராது. நாம் நின்றிருக்கவும் மாட்டோம், அவர் முகத்தைப் பார்த்திருக்கவும் மாட்டோம்” என்றேன்.

“ஐயா, பாறையருகே காற்று நம்மைத் தள்ளும்போது இயந்திரம் நின்றால் யார் முகத்தையும் பார்க்க நாம் இருக்க மாட்டோம்” என்றார் அவர்.

இரண்டு ஆண்டுகள் இந்த வழக்கு நீடித்தது. 2019-இல் அவர் கருவியைப் பொருத்தினார். படகு அவருடையது, நீரில் இறங்கும் உயிரும் அவருடையது. அவர் செய்தது தவறு என்று என்னால் சொல்ல இயலவில்லை. ஆயினும் இரவில் சுக்கான் என் கையில் இருக்கும்போது, மினுக்கும் விளக்கு ஒன்றைக் கண்டால் இரண்டாவதைத் தேடுகிறேன். அது தெரியும்வரை இயந்திரத்தை நியூட்ரலில் வைத்துக் காத்திருக்கிறேன். நண்பரை எழுப்பிவிடுகிறேன். சில இரவுகளில் இருளிலிருந்து ஒரு கைவிளக்கு எங்கள் முகத்தில் அடித்து, பிறகு ஒரு பக்கமாக ஆடும். அப்பக்கத்திற்கு எதிராகத் திரும்புகிறோம். எங்கள் விளக்கை இருமுறை அணைத்து ஏற்றி நன்றி சொல்கிறோம். அதனை அவர்கள் அப்படித்தான் புரிந்துகொள்கிறார்களா என்று கேட்க வாய்த்ததில்லை.

அந்த வெட்டுக்கருவி இதுவரை எதனையும் வெட்டியதாக எங்களுக்குத் தெரியாது. வெட்டினாலும் நீருக்கடியில் நடப்பது, இயந்திர ஒலியில் மேலே கேளாது, படகும் நில்லாது. ஆண்டுக்கு ஒருமுறை படகைக் கரையேற்றும்போது, மற்றவர்கள் வண்ணத்தையும் சிப்பிகளையும் பார்த்துக்கொண்டிருக்க, நான் குனிந்து அதன் பற்களுக்கிடையே நூலிழை ஏதேனும் ஒட்டியிருக்கிறதா என்று தேடுகிறேன்.